ஏசி ரூமுக்கு ஒரு மஃப்ளர்

திருவொற்றியூரில் மார்கழி மாதத்தில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. பெருமைக்காக வைத்த பேர் இல்லை அது. "பனியன புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வர்ற ஊர்ல, கம்பளி பின்றா பாரு" என்று சிரிப்பதற்காக வைத்தது. ராயபுரத்தில் நான் படித்த கான்வென்ட் பள்ளியில் கைவேலை வகுப்பு என்று ஒன்று உண்டு. பரீட்சை முடிந்ததும் மற்ற பெண்கள் ஊசிகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். என்னால் முடியவில்லை. கை சும்மா இருந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும், வாய் நீண்டால் சண்டை வரும். அதனாலேயே எங்கள் வீட்டில் என் பின்னல் ஊசிகளுக்கு நல்ல மரியாதை இருந்தது.

கம்பளி நூல் எனக்கும் ஒத்துவரவில்லை என்பதுதான் உண்மை. பாரிமுனையில் உல்லன் வாங்கி வந்தால், ஸ்வெட்டரில் ஒரு கை பின்னுவதற்குள் விரல் வியர்த்து நூல் கசகசவென்று ஒட்டும். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு பருத்தி நூலுக்கு மாறினேன். அந்த நூலைக் காலடிப்பேட்டைச் சாயக்காரரிடம் வாங்கினேன்.

அவர் எனக்காகக் கடை போட்டவர் இல்லை. குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிற்றுக்குக் கறுப்பு, தாலிச் சரடுக்கு மஞ்சள், கோயில் வாசலில் விற்கிற கைக்கயிற்றுக்குச் சிவப்பு, சடைக் குஞ்சலத்துக்குக் கலர் கலராக. பல இழை சேர்த்த மெத்தென்ற நூலை அண்டாவில் காய்ச்சிச் சாயம் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். தொழில் அமோகமாக நடந்தது. "கொயந்த பொறந்துகினே கீது, கல்யாணம் நடந்துகினே கீது, எனக்கு இன்னா கொறச்சல்?" என்பார். வாய்ச்சவடால் பேர்வழி. எந்த நூலை எடுத்தாலும் "சாயம் போவவே போவாது தங்கச்சி" என்று சத்தியம் செய்வார். அவர் சத்தியம் செய்த நூல் எதுவும் முதல் அலசலில் என் பக்கெட்டைக் கலங்கடிக்காமல் விட்டதில்லை.

அதே வீட்டு வாசலில் காலையில் அவர் மனைவி இட்லி விற்பார். முன்னால் இட்லி வேகும், பின்னால் நூல் வேகும். அதனால் ஒரு அண்டாவில் ஒரு தடவை சாயம் ஏறி வருகிற நூலுக்கு அந்த வீட்டில் பேர் 'ஈடு'. முதல் ஈடு, ரெண்டாம் ஈடு என்று இட்லிக்குச் சொல்வது போலவே நூலுக்கும் சொல்வார்கள். எனக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. ஒரு ஈடு மாதிரி இன்னொரு ஈடு வராது. அதே சாயம், அதே தண்ணீர், அதே மனிதர், ஆனால் அடுத்த ஈடு ஒரு சாயல் தள்ளித்தான் விழும். பாதி பின்னியபின் நூல் தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். அதனால், என்ன பின்னினாலும் ஒரு சிட்டம், அதாவது நூலைச் சுற்றி முடிந்த ஒரு கட்டு, கூடுதலாக வாங்கிவிடுவது என் வழக்கம்.

நூல் தேர்ந்தெடுப்பதில் நான் கொஞ்சம் கெடுபிடி. சந்தில் மூங்கில் கழியில் காய்கிற சிட்டங்களை ஈரத்தோடு பார்க்கவே மாட்டேன். ஈரத்தில் எல்லா நிறமும் அழகாகத்தான் இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு வெயிலில் ஒரு தடவை, அவர் வீட்டுக்குள் இருட்டில் ஒரு தடவை பார்ப்பேன். முடிச்சைப் பிரித்து உள்ளே சாயம் ஏறாமல் வெளுத்துக் கிடக்கிற இடம் எவ்வளவு என்று பார்ப்பேன். கைக்குட்டையை நனைத்துத் தேய்ப்பேன். கையால் ஏற்றிய சாயம் ஒரு இடத்தில் அடர்த்தியாகவும் ஒரு இடத்தில் இளைத்தும் இருக்கும். அதற்கு இலை, பூ, பின்னல் சடை என்று வேலைப்பாடு செய்தால் நூலும் வேலையும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்கும். சாதாரணப் பின்னல் போட்டால் நூல் தன் அழகைத் தானே காட்டிக்கொள்ளும். எனக்கு எப்போதும் நூல்தான் முதலில், என்ன பின்னுவது என்பது அப்புறம். புடவை பிடித்துப்போன பிறகு ஜாக்கெட் துணி தேடுகிற மாதிரி.

அந்த வருடம் அக்கா மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். மணலி புதுநகரில் குடியிருந்தாள், மாமாவுக்கு அங்கே ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. முதல் தடவை அவள் உண்டானபோது, வயிறு தெரிய ஆரம்பித்த சந்தோஷத்தில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் போய் ஒரு குட்டிச் சட்டை வாங்கி வந்தாள். வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளி. எங்கள் வீடுகளில் பிறக்காத குழந்தைக்கு ஒரு ஊக்கு கூட வாங்கி வைக்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் சுற்றுவது பழைய வேட்டித் துணிதான். அடுத்த மாதமே அந்தப் பிள்ளை தங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "பொறக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் சட்ட வாங்குவாங்களாடி?"

அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது. இரண்டாவது பிள்ளையும் தங்காமல் போனபோது அக்கா எதுவுமே வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் பார்க்க வந்தவர்கள், "அந்தச் சட்ட இன்னும் வூட்லதான கீது?" என்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்களை வாசலோடு அனுப்பினேன். ஆனால் அக்கா ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் தின்றது தன் கைதான் என்று. சட்டையை அம்மா எங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள், அந்த எண்ணத்தை யாராலும் கொண்டுபோய்ப் போட முடியவில்லை. மூன்றாவது தடவை அவள் 'குழந்தை' என்ற வார்த்தையையே சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது துணிக்கடையில் சின்னச் சட்டைகள் தொங்கினால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். கூட உட்கார்ந்திருக்கிற நான் அவசரமாக வேறு பேச்சை எடுப்பேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் சாயக்காரர் வீட்டுக்குப் போனேன். சந்தின் கடைசிக் கழியில் ஒரு ஈடு தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் என்றால் மஞ்சள் இல்லை, பச்சை என்றால் பச்சையும் இல்லை. வாழைக்குருத்து விரியும்போது உள்ளே தெரிகிற நிறம். அதுவும் ஒரே சீராக இல்லை, அங்கங்கே வெளுத்து, அங்கங்கே கூடி. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அத்தப் பாக்காத தங்கச்சி, அது கெட்டுப்போன ஈடு" என்றார். தாலிச் சரடுக்கு மஞ்சள் காய்ச்சுகிற அண்டாவை முந்தின நாள் நீலத்துக்குப் பிறகு சரியாகக் கழுவவில்லை. "சரடுக்கும் ஆவாது, குஞ்சலத்துக்கும் ஆவாது. இத்த எவன் வாங்குவான்?"

"இந்த நெறம் திரும்ப வருமாண்ணே?"

"எப்டி வரும்? அண்டாவ கய்வாம இன்னொரு தபா மறந்தாதான் உண்டு."

எனக்கு அந்த நூலைப் பார்த்ததுமே யாருக்கு என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கை பின்னால் போய்விட்டது. இதையெல்லாம் நம்பாதவள் என்று தெருவுக்கே சவால் விட்டவள்தான் நான். ஆனாலும் எனக்கும் பயமாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் பயம் மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த நூலை விடவும் மனசில்லை, தொடவும் தைரியமில்லை.

"யாருக்கு?" என்று கேட்டார் அவர்.

"எனக்குத்தான். மஃப்ளர் பின்ன."

நல்ல பொய்யாகவே அமைந்துவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு கிளியரிங் செய்கிற ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். அப்போதுதான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாது என்று ஏசி வந்தது. கம்ப்யூட்டரைத் தட்டத் தெரிந்தவள் என்பதால் என்னையும் அந்தக் கண்ணாடி ரூமுக்குள் போட்டார்கள். வெளியே கன்டெய்னர் லாரிகளும் புழுதியும் வெயிலும், உள்ளே நான் மட்டும் பல் கிட்டி உட்கார்ந்திருப்பேன். வடசென்னையில் மஃப்ளர் தேவைப்பட்ட ஒரே ஜீவன் நான்தான்.

சாயக்காரர் என் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மஃப்ளருக்கு வேண்டிய அளவு எடுத்துக் கொடுத்தார். எப்போதும் ஒரு சிட்டம் கூடுதலாகக் கேட்கிற நான் அன்று கேட்கவில்லை. கேட்டால் என் பொய்யை நானே உடைத்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. பொய்க்கு அளவாகவே நூல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளிகிறவரை அலசிக் காயவைத்தேன். பிறகு அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, தொடவே இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம், துண்டு தேடி என் அலமாரியைக் குடைந்தவள் அந்தச் சிட்டங்களை வெளியே எடுத்தாள்.

"இது யாருக்குடி?"

"எனக்குதான். ஆபீஸ்ல ஏசி போட்டுக்கிறாங்கல்ல, கய்த்தெல்லாம் ஜில்லுனு கீது. மஃப்ளர் பின்னணும்."

"உன் கலருக்கு இந்தக் கலரா? அடிக்கும்டி."

"அடிச்சா அடிக்கட்டும். அந்த ரூம்ல என்னப் பாக்கறது கம்ப்யூட்டர் மட்டும்தான்."

அவள் சிரித்தாள். சிட்டத்தை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். அதற்கு ஒருத்தர் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு பிடிக்க வேண்டும். வழக்கமாக நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றுவேன். அக்கா தானாகவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் வயிற்றுக்கு மேலே நீட்டினாள். நான் நூலை மாட்டினேன். முழங்கை வரை இருந்த கண்ணாடி வளையல்களில் நூல் சிக்கிச் சிக்கி வந்தது. நான் சுற்றச் சுற்ற அவள் கைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "இத்த எப்ப வாங்குன?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா இந்த வூட்ல கீதா?"

நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். அவள் கீழே தன் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது, புடவை அசைந்தது தெரிந்தது.

"ஒண்ணும் ஆவல" என்றாள், தனக்குத்தானே. அப்புறம் என்னைப் பார்த்து, "நீ மஃப்ளருக்குதான வாங்குன? நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லாத. சுத்து."

சுற்றினேன். அன்றைக்கே ஊசியில் ஏற்றினேன்.

அது அகலமாகத்தான் வளர்ந்தது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "இன்னாடி இது, மஃப்ளர்ன்ற, பாய் மாறி கீது?" மடித்துப் போட்டுக்கொள்வேன் என்றேன். "பண்ணிக்கோ, பண்ணிக்கோ. அந்த ஏசி ஒன்ன ஊட்டிக்காரி ஆக்கிட்ச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, "கய்த்து பெருசுமா அவளுக்கு" என்றாள்.

ஆனால் பொய்க்கு வாங்கிய நூல் உண்மைக்கு எப்படிப் போதும்? சதுரமாவதற்குக் கொஞ்சம் இருக்கும்போது உருண்டை தீர்ந்துபோனது. மறுநாள் ஆபீஸிலிருந்து நேராகக் காலடிப்பேட்டைக்கு ஓடினேன்.

"அந்தக் கெட்ட ஈடா? அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? கறுப்பு ஏத்திட்டேனே. அரைஞாண் கவுறு" என்றார் சாயக்காரர்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அவருடைய நூல், அவருடைய அண்டா, கேட்காமல் போனது நான். எல்லாம் தெரிந்தும் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"மஃப்ளர் எப்டி பத்தாம பூடும்? மாட்டுக்கா பின்ற?" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அக்கா பிரசவத்துக்கு வந்திருப்பது அவருக்கும் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொயந்தக்குனு அன்னிக்கே சொல்லிர்ந்தா மொத்த ஈட்டையும் எடுத்து வச்சிர்ப்பேனே" என்றார்.

"கொயந்தனு யார் சொன்னா?" என்று சீறினேன்.

"யாரும் சொல்லல. நானும் கேக்கல." உள்ளே போய்க் கயிறாக முறுக்காமல் மிச்சமிருந்த கறுப்புச் சிட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். "அதே ஈடுதான். மேல கறுப்பு ஏறிக்கீது, அவ்ளோதான். சுத்தி கரை கட்டு. கறுப்ப இடுப்புல கட்டாத கொயந்த எங்கனா கீதா? சாயம் போவவே போவாது."

போனது. பக்கெட் பக்கெட்டாக மை மாதிரி போனது. வாழைக்குருத்து நிறத்தில் கறை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் விரல் ஊறி வெளுக்கும்வரை அலசினேன். கடைசியில் கைக்குட்டையில் தேய்த்து ஒன்றும் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் பின்ன எடுத்தேன். நாலு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை வந்தது. அக்கா ஒரு நாள் அதைத் தொட்டுப் பார்த்து, "மஃப்ளருக்குக் கரையா?" என்றாள். அழுக்கு தெரியாது என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பிரசவ நாள் தள்ளிப்போகவும் இல்லை, முந்தவும் இல்லை. வலி கண்ட அன்று காலையில் மாமாவும் அம்மாவும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நான் அந்தப் பின்னலை டிபன் பாக்ஸ் பையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அன்று நான் தட்டிய தாள்களில் எத்தனை தப்பு இருந்ததோ தெரியாது. மத்தியானம் மாமா போன் செய்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாகீறாங்க" என்றார், உடனே வைத்துவிட்டார். பேச முடியவில்லை போலிருக்கிறது. எனக்கும் கேட்க முடிந்திருக்காது.

நான் போனபோது வார்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த பிள்ளை ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பெண் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுக்கத் தைரியம் வரவில்லை.

"உன் மஃப்ளர எடு" என்றாள் அக்கா.

"அது எனக்கு..."

"எடுடி. காத்தாடி நேரா தலைக்கு மேல சுத்துது."

எடுத்தேன். அம்மா வாங்கி விரித்து, பிள்ளையை வேட்டியோடு அதில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடித்தாள். அளவெடுத்தது போலப் பொருந்தியது. அழுகை விக்கி விக்கி அடங்கியது. அம்மா அந்தப் பின்னலைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவத் தடவ அவள் கை மெதுவானது.

"இது மஃப்ளரே இல்ல" என்றாள். என்னைப் பார்த்தாள். "யாருக்குனு பின்ன ஆரம்பிச்ச?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"இவளுக்குதாம்மா. எட்டாம் மாசத்துலேர்ந்து. நான்தான் கையில நூல மாட்டிகினு குந்தினு இருந்தேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அக்கா முழங்கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். நான் பிடிக்கப் போனதைக் கையால் தடுத்தாள். அம்மாவின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கு சரியா என்று கேட்கிற சின்னப் பிள்ளையின் குரல்.

"அப்ப, அந்தச் சட்ட ஒண்ணும் பண்ணலல்லமா?"

அம்மா மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். அந்தச் சின்ன நேரத்தில் நான் அவளைப் பார்த்துப் பயந்த மாதிரி வாழ்நாளில் பயந்ததில்லை. அவள் வேறு ஏதாவது சொல்லிவிட்டால் அக்கா இனிமேல் எழுந்திருக்கவே மாட்டாள் என்று தோன்றியது.

"சட்ட இன்னாடி பண்ணும், துணி அது" என்றாள் அம்மா. "வயிறு எரிஞ்சு நான் ஒளறினது. எம்மேலதான் தப்பு. ஒம்மேல ஒண்ணும் இல்ல."

அக்கா திரும்பவும் படுத்தாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வார்டில் இருந்தவர்கள் பயந்து பார்த்தார்கள், நர்ஸ் ஓடி வந்தாள், ஒன்றுமில்லை என்று நான் சைகை காட்டினேன். அந்த இரண்டு பிள்ளைகளுக்காக அக்கா அழுதது அன்றைக்குத்தான். அதுவரை தன்னைத் திட்டிக்கொள்ளவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.